வரகனேரி தந்த எழுத்துச் செம்மல் வ. வே. சு. ஐயர்

லால்குடியில் இரயில் ஏறிக் கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து திருச்சிக்குப் போய்வருவது நம் பங்கு மக்களுக்குப் பழக்கமான பயணம். படிக்கப் போகும் பிள்ளைகளும், வேலைக்குச் செல்வோரும், காந்தி மார்க்கெட்டுக்குச் செல்லும் வியாபாரிகளும் அந்த வழியே போய்வருகின்றனர். காந்தி மார்க்கெட்டுக்கும் பாலக்கரைக்கும் பக்கத்திலே வரகனேரி என்றொரு பகுதி உண்டு. ஒரு மனிதரின் பெயரோடு இணைந்து தமிழுலகம் முழுதும் அறிந்த பெயர் அது. வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயர், அதாவது வ. வே. சு. ஐயர், அங்கே பிறந்தவர்.

தமிழ்ச் சிறுகதையின் தந்தை என்று பள்ளிப் பாடநூல்களில் இவரைப் பற்றிப் படித்திருப்போம். நாட்டு விடுதலைக்காகத் தலைமறைவாக வாழ்ந்தவர் என்பதையும் சிலர் அறிவர். எழுதியதற்காகவும், எழுதியவர்களோடு சேர்ந்து நின்றதற்காகவும் வாழ்வின் நல்ல பகுதியை இழந்தவர் இவர் என்பதைப் பலர் அறியார். நம் பக்கத்து ஊர்க்காரராகிய இவரது வாழ்வை இந்த விழா மலரிலே நினைவுகூர்வது பொருத்தமானதாகும்.

இளமையும் கல்வியும்

ஐயர் 1881-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் பிறந்தார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். 1844-இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபைக் குருக்களால் தொடங்கப்பெற்று, 1883-இல் திருச்சிக்கு மாற்றப்பட்ட கல்லூரி அது. நம் பங்கிலிருந்தும் எத்தனையோ பிள்ளைகள் படித்த அதே கல்லூரியில் ஐயர் வரலாற்றோடு இலத்தீன் மொழியையும் கற்றார். நம் கோவில்களிலே அன்று முழங்கிய அந்த மொழியை ஒரு வைதீகக் குடும்பத்துப் பிள்ளை வகுப்பறையிலே விரும்பிக் கற்றது வியப்புக்குரியது. ஐரோப்பிய இலக்கியங்களை ஆழ்ந்து படிக்கவும், பின்னாளில் கம்பனை உலகக் கவிகளோடு ஒப்பிட்டு ஆராயவும் இந்தக் கல்வி அவருக்குத் துணை நின்றது.

கல்லூரியை முடித்தபின் சட்டம் பயின்று, 1902-இல் பிளீடர் தேர்வில் தேறித் திருச்சி நீதிமன்றத்தில் வக்கீல் தொழில் தொடங்கினார். பின்பு இரங்கூன் சென்றார். அங்கிருந்து 1907-இல் பாரிஸ்டர் பட்டம் பெற இலண்டனுக்குக் கப்பல் ஏறினார். அதுவரை அவர் வாழ்வு அக்காலத்துப் படித்த இளைஞர் பலரின் வாழ்வைப் போன்றதே. குடும்பம், தொழில், வருமானம் ஆகியவற்றில் அவருக்குக் குறை எதுவுமில்லை.

அச்சாகுமுன் தடை செய்யப்பட்ட நூல்

இலண்டனில் இந்தியா ஹவுஸ் என்னும் மாணவர் விடுதி இருந்தது. அங்கே விநாயக தாமோதர சாவர்க்கர் முதலிய தீவிரவாத இளைஞர்கள் கூடி வந்தனர். ஐயரும் அவர்களோடு சேர்ந்தார். ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்தவரும், மருத்துவம் படிக்க வந்தவருமான தி. சே. செள. ராஜனும் அங்கே இருந்தார். காவிரியின் தென்கரையிலிருந்து ஒருவரும் நடுத்தீவிலிருந்து ஒருவரும் தேம்ஸ் நதிக்கரையிலே கூடினர் எனலாம்.

1857-இல் வடநாட்டில் எழுந்த பெருங்கிளர்ச்சியை ஆங்கிலேயர் சிப்பாய்க் கலகம் என்றே எழுதி வந்தனர். அது கலகமன்று, விடுதலைப் போர் என்று சாவர்க்கர் மராத்தியில் ஒரு நூல் எழுதினார். அதை மாணவர்கள் சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். அவ்வேலையை மேற்பார்த்தவர் நம் ஐயர். 1909-இல் நூல் ஹாலந்து நாட்டில் அச்சாயிற்று. ஆனால் அது வெளிவருமுன்பே இந்திய அரசு அதைத் தடை செய்துவிட்டது! என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்துத் தடை விதிப்பது ஒருவகை. ஒரு வரியும் மக்கள் கண்ணில் படாமலே தடை விதிப்பது வேறுவகை. துறைமுகங்களிலே சுங்க அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்து இந்தப் புத்தகத்தைத் தேடினார்கள். வேறு கதைப் புத்தகங்களின் அட்டையைப் போர்த்தியே பிரதிகள் இந்தியாவுக்குள் வந்தன. தடை நீங்க 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதே நாட்களில் ஐயர் இலண்டனிலிருந்து பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகைக்குக் கடிதங்களும் கட்டுரைகளும் அனுப்பி வந்தார். அந்தப் பத்திரிகையின் கதையும் இங்கே சொல்லவேண்டியதாகும். 1908-இல் சென்னையில் ‘இந்தியா’ மீது இராஜத்துரோக வழக்கு வந்தது. பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவு செய்யப்பட்டிருந்தவர் மு. சீனிவாசன் என்பவர். எழுதியவர் பாரதியார், ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றவரோ சீனிவாசன். காகிதத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரைச் சட்டம் பிடித்துக்கொள்ளும். நண்பர்களின் வற்புறுத்தலால் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்தே பத்திரிகையை நடத்தினார்.

1909 ஜூலையில் கர்சன் வைலி என்னும் ஆங்கில அதிகாரியை மதன்லால் திங்ரா இலண்டனில் சுட்டுக் கொன்றார். போலீசாரின் கண் இந்தியா ஹவுஸ் மீது இறுகியது. பாரிஸ்டர் பட்டம் ஏற்கையில் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும் என்பது விதி. ஐயர் அதைச் செய்ய மறுத்தார். எந்தப் பட்டத்திற்காகக் கடல் கடந்து வந்தாரோ அதை வாசற்படியிலே விட்டுவிட்டார். 1910-இல் கைது வாரண்டு பிறந்ததும் பாரிஸ் நகருக்குத் தப்பினார்.

அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு சுவையான செய்தி சொல்வார்கள். ஐயர் தாடி வளர்த்துச் சீக்கியராக வேடம் பூண்டிருந்தாராம். அவருடைய பெட்டியின்மீது வி.வி.எஸ். என்ற எழுத்துக்கள் இருந்தனவாம். சந்தேகப்பட்ட துப்பறிவாளரிடம், தம் பெயர் வீர விக்ரம் சிங் என்று சொல்லித் தப்பினாராம். எப்படியாயினும், மாறுவேடத்திலே பல நாடுகளைக் கடந்து, 1910 டிசம்பரில் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

புதுவையில் பத்தாண்டுகள்

புதுச்சேரிக்கும் திருச்சிக்கும் அன்று சில மணி நேர இரயில் பயணம்தான். ஆயினும் ஐயருக்கு அது கடக்க முடியாத தூரமாயிற்று. எல்லையைத் தாண்டினால் கைது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் காவிரியைக் காணவில்லை. மனைவி பாக்கியலட்சுமி அம்மாள் புதுவைக்கே வந்து அவரோடு வாழ்ந்தார்.

பிரெஞ்சு நாட்டில் 1881-ஆம் ஆண்டு, ஐயர் பிறந்த அதே ஆண்டில், பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அதனால் புதுவையில் அச்சிட முடிந்தது. ஆங்கில இந்தியாவிலோ அதே 1910-இல் புதிய பத்திரிகைச் சட்டம் வந்தது. புதிதாக அச்சகம் வைப்பவர் 500 முதல் 2000 ரூபாய் வரை ஜாமீன் கட்டவேண்டும்; அரசுக்குப் பிடிக்காதது அச்சானால் ஜாமீன் பறிமுதல்; மீண்டும் நடந்தால் அச்சகமே பறிமுதல். ஒரு குடும்பம் பல மாதம் சாப்பிடக்கூடிய பணம் அது. இப்படி இருந்தால் அச்சகக்காரரே எழுத்தாளரின் கையைப் பிடித்துத் தடுப்பார் அல்லவா? அரசு தனியே ஒரு தணிக்கை அதிகாரியை வைக்க வேண்டியதில்லை. அச்சமே தணிக்கை அதிகாரியாகிவிடும்.

புதுவையில் அச்சான ‘இந்தியா’ ஆங்கில எல்லைக்குள் வரக்கூடாதென்று தடை வந்தது. வாசகர்கள் எல்லைக்கு அப்பால் இருந்தமையால் பத்திரிகை 1910-இலேயே நின்றது. பேச உரிமை இருந்தும் கேட்பவரிடம் சென்று சேர வழியில்லாமற் போனால், அந்த உரிமையால் என்ன பயன்?

1911 ஜூன் 17-இல் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், மணியாச்சி இரயில் நிலையத்தில் வாஞ்சிநாதனால் கொல்லப்பட்டார். வாஞ்சி புதுவையில் ஐயரைச் சந்தித்துத் துப்பாக்கிப் பயிற்சி பெற்றதாக வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். இதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. அக்காலத்தில் ஐயர் ஆயுத வழியில் நம்பிக்கை கொண்டிருந்தார். உயிர்க்கொலையை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் ஆங்கில அரசு துப்பாக்கியையும் பேனாவையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தது. கொலைக்குப் பிறகு ‘கனவு’, ‘ஆறில் ஒரு பங்கு’ என்னும் பாரதியாரின் சிறு நூல்களும் தடைக்கு உள்ளாயின. அவற்றுள் ஒன்று தம் இளமையைப் பாடிய கவிதை. மற்றொன்று தீண்டாமையைக் கண்டிக்கும் கதை!

புதுவையில் துப்பறிவோர் வீட்டு வாசல்களிலே காத்துக்கிடந்தனர். கடிதங்கள் பிரிக்கப்பட்டன. வெளியூரார் புதுவையில் தங்கவேண்டுமானால் பெரிய மனிதர் ஐவரிடம் நற்சான்று பெறவேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாகமும் ஒரு விதி செய்தது. கலவை சங்கரஞ் செட்டியார் என்னும் புதுவைப் பெருமகனார் முன்நின்று கையொப்பங்கள் வாங்கித் தந்தார். அந்தக் கையொப்பங்களே அகதிகளைக் காப்பாற்றின. ஒருமுறை ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி கண்டெடுக்கப்பட்டது. அதற்குள் இராஜத்துரோகத் துண்டு வெளியீடுகள் இருந்தன. யாரோ வேண்டுமென்றே போட்டு வைத்த பொய்ச்சாட்சி. அகதிகள் அதை ஒளிக்காமல் தாங்களே பிரெஞ்சுப் போலீசாருக்குத் தெரிவித்தனர். சோதனை நடந்தும் குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை.

நெருக்கடியில் பிறந்த நூல்கள்

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. செப்டம்பர் 22-ஆம் நாள் எம்டன் கப்பல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது. புதுவை அகதிகளை ஆப்பிரிக்காவுக்கு நாடு கடத்தக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. இரவு விடிந்தால் என்ன ஆகுமோ என்ற நிலை. அந்த நிலையிலே ஐயர் உட்கார்ந்து திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். தமிழ்நாட்டுக்கு ஏதேனும் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்பதே அவர் எண்ணம். 1330 குறளையும் உரைநடையில் பெயர்த்த அந்த நூல் 1916-இல் வெளிவந்தது. டாக்டர் போப் ஐயரின் செய்யுள் மொழிபெயர்ப்பு 1886-லேயே வந்திருந்தது. அதற்குப் பின்வந்த மொழிபெயர்ப்புக்களில் ஐயருடையது இன்றும் மதிக்கப்படுகிறது.

அதே காலத்தில்தான் ‘குளத்தங்கரை அரசமரம்’ என்னும் கதை பிறந்தது. 1915-இல் ‘விவேகபோதினி’ என்னும் மாத இதழில் அது வந்தபோது, அதன் ஆசிரியராகக் காணப்பட்ட பெயர் ஐயருடையதன்று. அவர் மனைவி பாக்கியலட்சுமி அம்மாளின் பெயர்! வரதட்சிணைக் கொடுமையால் வாழ்விழந்து, குளத்தில் உயிர்விடும் ருக்மிணி என்னும் சிறு பெண்ணின் கதையை, குளக்கரையில் நிற்கும் அரசமரமே சொல்கிறது. மருமகளின் கண்ணீருக்குப் பணமும் நகையும் காரணமாகும் வீடு இன்றும் உண்டென்பதால், நூறாண்டுக்கு மேல் ஆகியும் கதை பழையதாகவில்லை. இதுவே தமிழின் முதல் சிறுகதையா என்று அறிஞர்கள் விவாதிப்பர். தமிழ்ச் சிறுகதைக்கு உருவம் கொடுத்தவர்களில் ஐயர் முன்வரிசையில் நிற்பவர் என்பதில் ஐயமில்லை. அவருடைய கதைகள் ‘மங்கையர்க்கரசியின் காதல்’ என்னும் தொகுதியாக வெளிவந்தன. கம்ப நிலையம் என்ற பெயரில் தாமே நூல்களை வெளியிட்டார்.

ஊரைத் துறந்து, தொழிலைத் துறந்து, தம் பெயரையும் மறைத்து எழுதிய மனிதரின் எழுத்தே நிலைத்தது. அவரைத் துரத்திய அதிகாரிகளின் பெயர்களை இன்று நம்மில் யார் நினைக்கிறோம்?

மீண்டும் சிறை

போர் முடிந்தபின் பொதுமன்னிப்பு வந்தது. பாரதியார் 1918 நவம்பரிலேயே எல்லையைக் கடந்து கைதாகி, கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி இருந்தார். எழுதுவதைப் போலீசாருக்குக் காட்டிய பின்பே வெளியிடவேண்டும் என்ற நிபந்தனை அவருக்கு விதிக்கப்பட்டது. தமிழின் பெருங்கவிஞர் ஒரு போலீஸ் அதிகாரியிடம் தம் கவிதைக்கு அனுமதி கேட்கவேண்டிய காலம் அது!

ஐயர் 1920-இல் தமிழகம் திரும்பினார். இதற்குள் அவர் மனம் மாறியிருந்தது. காந்தியடிகளின் அறவழியை ஏற்றார். திரு. வி. க. ஆசிரியராக இருந்து வளர்த்த ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். துப்பாக்கியைத் தூக்கி எறிந்து பேனாவை மட்டும் வைத்துக்கொண்டபோதும் அரசு அவரை விடவில்லை. பத்திரிகையில் வந்த எழுத்துக்காக 1921-இல் இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, ஒன்பது மாதச் சிறைத் தண்டனை பெற்றுப் பல்லாரிச் சிறைக்குச் சென்றார்.

சிறையிலும் அவர் கை ஓயவில்லை. கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூல் எழுதினார். ஹோமர், வர்ஜில், தாந்தே, மில்டன் முதலிய மேனாட்டுக் கவிகளோடு கம்பனை ஒப்பிட்டுக் காட்டும் நூல் அது. திருச்சியில் கற்ற இலத்தீன் பல்லாரிச் சிறையிலே கம்பனுக்குத் தொண்டு செய்தது! அவர் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பின், 1950-இல், தில்லித் தமிழ்ச் சங்கத்தார் அதை வெளியிட்டனர்.

தம்மீது திரும்பிய பேனா

பெரியோர் வாழ்வை எழுதுகையில் புகழை மட்டும் எழுதுவது வழக்கம். ஐயர் வாழ்வில் ஒரு கசப்பான பகுதியும் உண்டு. அதையும் சொன்னால்தான் அவரிடமிருந்து நாம் முழுப்பாடம் பெறமுடியும்.

சிறையிலிருந்து வந்தபின் திருநெல்வேலி மாவட்டம் சேரன்மாதேவியில் தேசியக் கல்விக்காக ஒரு குருகுலம் நடத்தினார். பொதுமக்கள் நன்கொடை தந்தனர். காங்கிரசும் பணம் கொடுத்தது. ஆனால் அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிப்பந்தியில் உணவளிக்கப்பட்டது. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்திலே சாதி வேற்றுமையா என்று நாடெங்கும் கேள்வி எழுந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடு தம் ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் கடுமையாக எழுதினார். தந்தை பெரியார் மேடைதோறும் கண்டித்தார். 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் தமிழகத்தையே உலுக்கிய விவாதம் அது.

கேள்வி நியாயமானது. ஒரே பந்தியில் உட்கார முடியாத பிள்ளைகள் ஒரே நாட்டை எப்படிக் கட்டுவார்கள்? தீண்டாமை நம் கோவில்களுக்குள்ளும் ஒருகாலத்தில் தனி வரிசையும் தனி இடமும் போட்டு வைத்திருந்ததை அறிந்த நாம், இதில் பிறரை மட்டும் குறைசொல்லித் தப்ப முடியாது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. எழுத்துரிமைக்காக ஊரையும் உறவையும் இழந்த அதே ஐயரின்மீதுதான் இப்போது பேனாக்கள் திரும்பின. அந்தப் பேனாக்கள் அவர் மனத்தைப் புண்படுத்தின. ஆனால் அந்தக் கேள்வியை யாராலும் அடக்க முடியவில்லை. ஒரு தவறு மூடி மறைக்கப்படாமல் ஊரறிய விவாதிக்கப்பட்டது. அதன் பயனாகத் தமிழகம் சமபந்தியைப் பற்றிச் சிந்திக்கலாயிற்று. எழுத்துரிமை என்பது நமக்குப் பிடித்ததை எழுதும் உரிமை மட்டுமன்று. நம்மைக் குறைசொல்பவனுக்கும் அது உரியது. ஐயரின் வாழ்வு முதற்பகுதியில் உரிமை மறுக்கப்படுவதன் கொடுமையைக் காட்டியது. இறுதிப் பகுதியில் உரிமையின் விலையைக் காட்டியது.

இறுதி

1925 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் குருகுலப் பிள்ளைகளோடும் தம் மகள் சுபத்திரையோடும் பாபநாச மலைக்குச் சென்றார். கல்யாண தீர்த்தம் என்னும் இடத்தில் நீரைத் தாண்டும்போது சுபத்திரை தவறி விழுந்தாள். மகளைக் காக்க ஐயரும் குதித்தார். இருவரையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. அவருக்கு அப்போது வயது 44. குளத்தில் மாய்ந்த ஒரு பெண்ணின் கதையை எழுதி நம்மை அழவைத்தவர், தம் பெண்ணுக்காக நீரிலே உயிர்விட்டார். கொள்கையில் அவரோடு மோதியவர்களும் அன்று கண்ணீர் வடித்தனர்.

நமக்குரிய பாடம்

ஐயர் மறைந்தபின்னும் தடைகள் தொடர்ந்தன. 1928-இல் பாரதியாரின் தேசபக்திப் பாடல் நூல்களைச் சென்னையில் போலீசார் பறிமுதல் செய்தனர்; சத்தியமூர்த்தி சட்டசபையிலே வாதாடினார். விடுதலைக்குப் பிறகும் அந்த நோய் தலைகாட்டியது. 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலை இருந்தபோது செய்தித்தாள்கள் தணிக்கைக்குப் பின்பே அச்சாயின என்பது நம் பங்கின் மூத்தோர் பலருக்கு நினைவிருக்கும். 1976 பிப்ரவரியில், சிறைப்பட்டவர்களின் பெயர்களை நேரே வெளியிட முடியாமல், அண்ணா நினைவிடத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்கள் என்று ‘முரசொலி’ பட்டியலிட்டது. தமிழ் தெரிந்தவர்கள் அதன் பொருளைப் புரிந்துகொண்டனர்.

ஐயரைச் சிறைக்கு அனுப்பிய இராஜத்துரோகச் சட்டப்பிரிவை 1922-இல் காந்தியடிகள்மீதும் சுமத்தினார்கள். நூறாண்டு கழித்து, 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் இராஜத்துரோகம் என்ற சொல் இல்லை. எனினும் 152-ஆம் பிரிவு, நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்தென்று கருதப்படும் சொல்லையும் எழுத்தையும் தண்டிக்கிறது. எல்லையை எங்கே வரைவது என்ற கேள்வி ஐயர் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

அன்பார்ந்த பங்கு மக்களே! எழுத்துரிமை டில்லியிலும் சென்னையிலும் மட்டும் பேசப்படவேண்டிய செய்தியன்று. பங்குப்பேரவைக் கூட்டத்தில் ஒருவர் கணக்கைப் பற்றி எழுந்து கேட்கும்போதும், வீட்டில் மகள் தகப்பனாருக்கு மறுப்புச் சொல்லும்போதும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? உட்கார் என்று அதட்டுகிறோமா, கேட்கிறோமா? அதட்டினால் நாமும் ஒரு சிறிய பத்திரிகைச் சட்டத்தைப் பிறப்பிக்கிறோம்.

அடுத்த முறை திருச்சிக்குச் செல்லும்போது, இரயில் காவிரிப் பாலத்தைக் கடக்கையில், பிள்ளைகளுக்கு இக்கதையைச் சொல்லுங்கள். இந்த ஆற்றைப் பத்தாண்டுகள் காணாதிருந்த ஒருவர், அக்காலத்தைத் திருக்குறளுக்கும் ஓர் அரசமரத்தின் கதைக்கும் கொடுத்தார் என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகள் அஞ்சாமல் எழுதக் கற்கட்டும். பிறர் எழுதுவதைப் பொறுமையோடு படிக்கவும் கற்கட்டும். வரகனேரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அதுவே.